கேட்பவர் இருந்தால்தானே பேச முடியும்? இளையோர் மனநலம்: ஓர் எளிய அறிமுகம்

"எதுவா இருந்தாலும் மனசு விட்டுப் பேசு." இளையவர்களுக்கு இன்று அதிகம் சொல்லப்படும் மனநல அறிவுரை இதுதான். தப்பான அறிவுரை இல்லை. ஆனால் அதை யாரிடம் சொல்கிறோம் என்று பாருங்கள். ஏற்கெனவே சோர்ந்துபோய், தனக்குள் என்ன நடக்கிறது என்று தனக்கே பிடிபடாமல் இருக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் போய், நீயே ஆரம்பி என்கிறோம். அந்தப் பிள்ளை நிஜமாகவே பேச வந்துவிட்டால் கேட்பவர் எப்படிக் கேட்க வேண்டும், சுற்றியிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை அவ்வளவாக யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பக்கத்தைப் பற்றியது. பெற்றோர், ஆசிரியர், அக்கா, அண்ணன், நண்பர் என யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உளவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் ஓர் அடிப்படை. மனநலம் என்றதும் பலருக்கு நோய்தான் ஞாபகம் வருகிறது. பரீட்சைக்கு முன்னால் வயிற்றைப் பிசைவதும், நெருங்கிய நண்பன் விலகிப்போனதற்காக நாலு நாள் அழுவதும் நோய் இல்லை. அந்தக் கலக்கம் வாரக்கணக்கில் நீண்டு, தூக்கம், சாப்பாடு, படிப்பு, விளையாட்டு என்று எல்லாவற்றையும் கெடுக்கத் தொடங்கும்போதுதான் மனச்சோர்வு, பதற்றக் கோளாறு என்ற பெயர்களுக்கு வேலை வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பரப்பு இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் ஏதாவது ஒரு காலத்தில் அதைக் கடந்துதான் வருகிறார்கள். நல்ல பேச்சும் நல்ல சுற்றமும் மிகவும் உதவுவது அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் 7 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருக்கிறது. உலகெங்கும் நடந்த 192 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2022-இல் வெளியானது. மனநலக் கோளாறு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது 14 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 18 வயதுக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. 25 வயதுக்குள் 60 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கு. தொடக்கம் உச்சத்தில் இருந்த வயது பதினான்கரை. மாரடைப்பு, மூட்டுவலி போன்றவை வயதாக ஆகத்தான் தேடி வரும். மனநலக் கோளாறுகள் வாழ்க்கை தொடங்கும் இடத்திலேயே வந்து நிற்கின்றன.

இந்த வயதில் ஏன்?

மனித மூளை முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. உணர்ச்சிக்கும் ஆபத்துக்கும் சட்டென்று துள்ளும் உட்பகுதிகள் பருவமடையும் காலத்திலேயே வேகம் எடுத்துவிடுகின்றன. நிதானித்து, "கொஞ்சம் பொறு" என்று சொல்லும் நெற்றிப்பக்க மூளை கடைசியாகத்தான் முதிர்கிறது. தூக்கத்தின் கடிகாரமும் இதே காலத்தில் பின்னால் தள்ளிப்போகிறது. உடம்பு இரவு தாமதமாகத் தூங்கச் சொல்லும், பள்ளிக்கூடம் காலையில் சீக்கிரம் எழுப்பிவிடும். இது எல்லாவற்றுக்கும் மேல், சக வயதினர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பது வேறு எந்த வயதையும்விட இப்போது பெரிதாகத் தெரிகிறது. பெரியவர்களுக்கு அற்பமாகப் படும் ஒரு கிண்டலோ, வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து சொல்லாமல் நீக்கப்பட்டதோ அந்த வயதில் நிஜமாகவே வலிக்கிறது. அதில் நடிப்பு இல்லை.

எல்லாவற்றையும் மூளையின் தலையில் கட்டிவிடவும் கூடாது. வீட்டில் வன்முறை, பணக் கஷ்டம், தொடர்ந்து நடக்கும் கேலி, பாகுபாடு இவையெல்லாம் பேசித் தணித்துக்கொள்ளும் விஷயங்கள் இல்லை. ஒரு பிள்ளையைத் தினமும் நாலு பேர் மடக்கி அடிக்கிறார்கள் என்றால், அதற்குத் தேவை அடியை நிறுத்துவது. அதைச் செய்யாமல் "உன் உணர்வுகளைப் பகிர்ந்துகொள்" என்று உட்கார வைப்பது கொடுமை. பேச்சின் பயனை இவ்வளவு தூரம் சொல்லப்போகிறேன் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பேசினால் என்ன நடக்கிறது?

உணர்ச்சிக்குப் பெயர் வைத்தாலே அதன் வீச்சு கொஞ்சம் குறைகிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், கோபமும் பயமும் தெரியும் முகப் படங்களை ஆட்களுக்குக் காட்டி அவர்கள் மூளையை ஸ்கேன் செய்தார்கள். படத்தில் இருப்பது என்ன உணர்ச்சி என்று ஒரு சொல்லால் குறித்தபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்ற பகுதி அடங்கியது. நெற்றிப்பக்கத்தின் ஒரு பகுதி விழித்துக்கொண்டது. ஸ்கேன் படங்களை நம்பி ரொம்ப தூரம் போய்விடக் கூடாதுதான். ஆனாலும் இது நமக்குத் தெரிந்த அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. "ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லும்வரை அது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அவன் எல்லார் முன்னாடியும் சிரிச்சது அவமானமா இருந்துச்சு" என்று சொன்ன பிறகு அது ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியாகச் சுருங்குகிறது. குறிப்பிட்ட நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும்.

இன்னொரு பழைய ஆய்வும் இங்கே பொருந்தும். 1986-இல் கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து 4 இரவுகள், தினம் 15 நிமிடம், தங்களை ஆழமாகப் பாதித்த ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது தோன்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குக் குறைவாகவே போனார்கள். இதில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் உண்டு. எழுதி முடித்த உடனே அவர்கள் மனநிலை முன்பைவிட மோசமாகத்தான் இருந்தது. பிள்ளை மனம்விட்டுப் பேசிய அன்று இரவு இன்னும் வாடிப்போய்த் தெரிந்தால், பேச வைத்தது தப்போ என்று பதறிவிடாமல் இருக்க இது உதவும்.

கேட்பது எப்படி?

ஒரு பையன் பள்ளிப் பையை இறக்கி வைத்துவிட்டு, "எனக்கு ஸ்கூலுக்குப் போகவே பிடிக்கலைம்மா" என்கிறான். வழக்கமாக வரும் பதில்களைப் பார்ப்போம்.

"எல்லாருக்கும் அப்படித்தான்டா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்." ஆறுதலாகத்தான் சொல்கிறோம். அவன் காதில் விழுவது, இதைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டாம் என்பது. "உனக்கு என்ன குறை வெச்சோம்?" என்றால், அவன் பேச்சை விட்டுவிட்டு வழக்காடத் தொடங்குவான். "நாளைக்கே வந்து உங்க டீச்சரைப் பார்க்கிறேன்" என்றால் இன்னும் விஷயமே தெரியாமல் கையில் எடுத்துக்கொண்டோம் என்று அர்த்தம். வகுப்பில் இதனால் என்ன ஆகும் என்ற பயம் அவனுக்குப் புதிதாகச் சேரும்.

மூன்றும் அன்பிலிருந்துதான் வருகின்றன. மூன்றுமே நம் பதற்றத்தைத் தணித்துக்கொள்ளும் வழிகள் என்பதுதான் சிக்கல். பிள்ளை கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு எதுவும் செய்யாமல் ஒரு நிமிடம் உட்காருவது சாதாரணக் காரியம் இல்லை. அதனால் சட்டென்று ஏதாவது சொல்லி அந்த நிமிடத்தை மூடிவிடுகிறோம்.

வேறு எப்படிச் சொல்லலாம்? "எப்போலேருந்துப்பா இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம். அவ்வளவுதான். அதற்கு அவன் "தெரியல" என்றால், "சரி, இன்னிக்கு எந்த நேரம் ரொம்ப மோசமா இருந்துச்சு?" என்று இன்னும் சின்னதாகக் கேட்கலாம். "ஏன்" என்று தொடங்கும் கேள்விகள் இங்கே அவ்வளவு எடுபடுவதில்லை. "ஏன் இப்படி இருக்கே?" என்பது குற்றம் சாட்டுவது போலவே கேட்கும், நாம் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும். எப்போது, எங்கே, எந்த மாதிரி என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்வது பிள்ளைகளுக்குச் சுலபம்.

முதலில் வரும் வாக்கியம் பெரும்பாலும் முழு விஷயமாக இருக்காது. அது ஆழம் பார்க்கும் வாக்கியம். பள்ளி பிடிக்கவில்லை என்பதற்குப் பின்னால் ஒரு பாடம் புரியாதது இருக்கலாம், ஒரு ஆசிரியரின் நடத்தை இருக்கலாம், காதல் இருக்கலாம், தன் உடம்பைப் பற்றிய கூச்சம் இருக்கலாம். சின்ன விஷயத்தை எப்படி வாங்கிக்கொள்கிறோம் என்று பார்த்த பிறகுதான் பெரிய விஷயம் வெளியே வரும். அதனால் "இதுக்கெல்லாமா?" என்ற ஒரு சொல் இழப்பது அன்றைய பேச்சை மட்டும் இல்லை.

எதிரெதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "வா, பேசலாம்" என்று தொடங்குவது பல பிள்ளைகளுக்கு விசாரணை மாதிரி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் இருந்து ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது பேச்சு தானாக வருகிறது. வண்டியில் போகும்போது, நடக்கும்போது, துணி மடிக்கும்போது, படுக்கப் போவதற்கு முன் விளக்கை அணைத்த பிறகு. ஆஸ்திரேலியாவில் வயதான ஆண்களின் தனிமைக்காகத் தொடங்கிய பொதுப் பட்டறைகள் இதே விஷயத்தை நம்பித்தான் ஓடுகின்றன: கையில் மரவேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். வயது மாறினாலும் இது அதிகம் மாறுவதில்லை. சிலருக்கு நேரில் வராத பேச்சு மெசேஜில் வரும். "இதைப் போய் வாட்ஸ்அப்ல சொல்றியே, நேர்ல சொல்ல மாட்டியா?" என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். வந்த வழியிலேயே பதில் போடுங்கள்.

அப்புறம், எனக்கு மிகப் பயனுள்ளதாகத் தெரியும் ஒரு கேள்வி: "நான் ஏதாவது பண்ணணுமா, இல்ல கேட்டா மட்டும் போதுமா?" இதைக் கேட்டாலே பாதிச் சண்டைகள் நடக்காது. கேட்டால் போதும் என்று பிள்ளை சொன்னால், நல்ல யோசனை ஒன்று நாக்கு நுனி வரை வந்தாலும் அன்றைக்கு அதை விழுங்கிவிட வேண்டும்.

இதெல்லாம் திடீரென ஒருநாள் நடந்துவிடாது என்பதும் உண்மை. மார்க் எவ்வளவு, சாப்பிட்டாயா, ஃபோனை வை என்ற மூன்று மட்டுமே பேச்சாக இருந்த வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை "உன் மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால் பிள்ளை மிரளத்தான் செய்யும். பயனற்ற பேச்சு நிறைய வேண்டும். கிரிக்கெட், சினிமா, யாரோ போட்ட ரீல்ஸ், ஒன்றுக்கும் உதவாத ஜோக். அந்தப் பழக்கத்தின் மேல்தான் கனமான பேச்சு வந்து உட்காரும். பெரியவர்களும் தங்கள் மனநிலையை அளவோடு சொல்லலாம். "இன்னிக்கு ஆபீஸ்ல ஒண்ணு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. கொஞ்சம் நடந்துட்டு வந்தேன், இப்போ பரவாயில்ல." இதில் உணர்ச்சிக்குச் சொல் இருக்கிறது, அதைக் கையாண்ட விதமும் இருக்கிறது. அளவோடு என்பதை அழுத்திச் சொல்கிறேன். தன் திருமணக் கசப்பையும் கடன் தொல்லையையும் பிள்ளையிடம் கொட்டித் தீர்ப்பது இதில் சேராது.

ஒரு வாக்குறுதியை மட்டும் தந்துவிடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்போதான் சொல்வேன்" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "உன்னைக் கேக்காம யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, உதவி செய்யக்கூடிய ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முதலில் சத்தியம் செய்துவிட்டு அப்புறம் மீறுவதைவிட இது எவ்வளவோ மேல். மற்றபடி அவர்கள் சொன்னதைச் சொந்தக்காரர்களிடம் கதையாகச் சொல்வது, இன்னொரு நாள் சண்டையில் எடுத்து வீசுவது இரண்டும் கதவை நிரந்தரமாகச் சாத்திவிடும்.

கேட்கவே பயப்படும் கேள்வி

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 15 முதல் 29 வயதினரின் இறப்புக் காரணங்களில் தற்கொலை மூன்றாம் இடத்தில் இருக்கிறது. ஆனாலும், சந்தேகம் வந்தபோதுகூட வாய்விட்டுக் கேட்கப் பலருக்குத் தயக்கம். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம்தான் காரணம்.

இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, கேட்கப்பட்டவர்களிடம் மன வேதனையோ அந்த எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த மாணவர்கள் கேட்கப்படாதவர்களைவிடக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்தார்கள். முடிவு 2005-இல் வெளியானது. இன்றைக்கு வல்லுநர்கள் எல்லோரும் சொல்வதும் இதுதான்: சந்தேகம் இருந்தால் கேளுங்கள்.

சுற்றி வளைக்க வேண்டாம். "செத்துப்போயிடலாம்னு எப்பவாவது தோணுதா?" என்று நிதானமான குரலில் கேட்கலாம். "அந்த மாதிரி முட்டாள்தனமா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் இல்லை என்ற பதிலை நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். ஆமாம் என்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், சொன்னதற்கு நன்றி சொல்லி, கூடவே இருங்கள். தனியாக விடாதீர்கள். ஆபத்தான பொருட்களை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். அந்த எண்ணம் தீவிரமாக எழும் நேரம் பலருக்கும் குறுகியதுதான். அந்த நேரத்தைக் கடக்க வைப்பதே உயிரைக் காக்கிறது. அன்றே மனநல மருத்துவரையோ, உதவி எண்ணையோ, அவசர சிகிச்சைப் பிரிவையோ தொடர்புகொள்ளுங்கள். உங்கள் நாட்டில் இயங்கும் உதவி எண்ணை இப்போதே ஃபோனில் சேமித்து வைப்பது நல்லது. தேவைப்படும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

பேச்சே தொல்லையாகும்போது

பேசினால் எல்லாம் சரியாகும் என்று நம்புபவர்கள் வசதியாகத் தாண்டிப்போகும் பகுதி இது.

அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளின் நட்பை ஆராய்ந்தார். இரண்டு நண்பர்கள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பக் கிளறி, அவன் அப்படிச் சொன்னதற்கு என்ன அர்த்தம், இனி என்னவெல்லாம் கெடுதல் வரும் என்று மணிக்கணக்கில் பேசிக்கொண்டே இருந்தால் நட்பு இறுகுகிறது. பெண் பிள்ளைகளிடம் கூடவே மனச்சோர்வும் பதற்றமும் ஏறுகின்றன என்று 2007-இல் அவர் குழு எழுதியது. ஆண் பிள்ளைகளிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை. பேசுவது வேறு, அரைத்த மாவையே அரைப்பது வேறு. பேச்சு முடியும்போது "சரி, நாளைக்கு என்ன பண்ணலாம்?" என்ற கேள்வி, பதில் ரொம்பச் சின்னதாக இருந்தாலும், ஒருமுறையாவது வந்துவிட்டால் நல்லது.

வற்புறுத்திப் பேச வைப்பதும் உதவாது. விபத்தோ பேரிடரோ நடந்த உடனே பாதிக்கப்பட்டவர்களை உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் விரிவாகச் சொல்ல வைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. பின்னால் வரக்கூடிய மன அதிர்ச்சி நோயை அது தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று ஆய்வுகள் காட்டிய பிறகு, உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்றது. இப்போது பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி: பாதுகாப்பான இடம், தண்ணீர், குடும்பத்தோடு தொடர்பு; பேச விரும்பினால் கேட்க ஓர் ஆள்.

விழிப்புணர்வுக்கும் ஒரு விலை இருக்கலாம். லூசி ஃபௌல்க்ஸ், ஜாக் ஆண்ட்ரூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2023-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். மனநலம் பற்றி ஓயாமல் பேசுவதால், சாதாரணச் சோகத்தையும் பயத்தையும்கூடச் சில இளையவர்கள் நோயாக எடுத்துக்கொள்கிறார்களோ என்பது அவர்கள் கேள்வி. இன்னும் அது கருதுகோள்தான். ஆனால் "எனக்கு டிப்ரஷன்", "அது எனக்கு ட்ராமா" என்ற சொற்கள் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகின்றன என்று பார்த்தால் அவர்கள் கவலையில் நியாயம் தெரிகிறது. அப்படிச் சொல்லும் பிள்ளையிடம் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று மறுத்தாலும் தப்பு, உடனே ஒப்புக்கொண்டாலும் தப்பு. "அப்படின்னா உனக்கு எந்த மாதிரி இருக்குன்னு சொல்லேன்" என்று சொல்லுக்குப் பின்னால் இருப்பதைக் கேட்கலாம்.

ஒருவர் போதாது

இதுவரை இரண்டு பேருக்கு இடையில் நடக்கும் பேச்சைப் பார்த்தோம். எவ்வளவு நல்ல அம்மாவாக இருந்தாலும் ஒரு பிள்ளையின் எல்லாப் பேச்சையும் கேட்க முடியாது. சில விஷயங்கள் அம்மாவைப் பற்றியதாகவே இருக்கும். சுற்றம் வேண்டும் என்பது இதனால்தான்.

ஐரோப்பாவில் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. சராசரி வயது 15-ஐ ஒட்டி. ஒரு பிரிவுப் பள்ளிகளில், ஆபத்தில் இருக்கும் மாணவரை அடையாளம் காண ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இன்னொரு பிரிவில் கேள்வித்தாள் கொடுத்து, ஆபத்து தெரிந்தவர்களை வல்லுநர்களிடம் அனுப்பினார்கள். மூன்றாவது பிரிவில் மாணவர்களிடமே விஷயத்தை விட்டார்கள். 4 வாரங்களில் மொத்தம் 5 மணி நேரம். அதில் 3 மணி நேரம் நாடகம் போல வேடமேற்று நடிப்பது: நண்பன் சோர்ந்திருக்கிறான், என்ன சொல்வாய்? வீட்டில் சண்டை, யாரிடம் போவாய்? நான்காவது பிரிவில் சுவரொட்டிகள் மட்டும்.

மூன்று மாதத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது, மாணவர்களே பேசிப் பழகிய பள்ளிகளில் தற்கொலை முயற்சிகள் சுவரொட்டிப் பள்ளிகளைவிடச் சுமார் பாதியாக இருந்தன. சுவரொட்டிப் பள்ளிகளில் 1.51 சதவீதம், இங்கே 0.70. ஆசிரியர் பயிற்சியிலும் கேள்வித்தாள் முறையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தென்படவில்லை. 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் இது வெளியானது. பெரியவர்கள் கண்காணிப்பதைவிட, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பேசத் தெரிந்துகொள்வது அதிகம் பலித்திருக்கிறது. இந்த முடிவைப் படித்த பிறகும் பள்ளிகள் சுவரொட்டி ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டால் என்ன சொல்வது?

இதற்கு வெகு முன்பே வேறோர் இடத்தில் இதே மாதிரி ஒன்று நடந்தது. 1953-இல் லண்டனில் சாட் வரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களுக்காக ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கினார். அவரைப் பார்க்க வருபவர்கள் காத்திருக்கும்போது, தேநீர் கொடுக்க வந்த தன்னார்வலர்களிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படிப் பேசியதிலேயே பலருக்கு மனம் லேசாகி, அவரைப் பார்க்காமலே கிளம்பிவிடுவதை அவர் கவனித்தார். மறு ஆண்டே கேட்கும் வேலையைத் தன்னார்வலர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்ற அந்த அமைப்பு இன்றும் அப்படித்தான் இயங்குகிறது.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-இல் தொடங்கிய ஃபிரெண்ட்ஷிப் பெஞ்ச் இன்னும் எளிமையானது. மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே இருந்த நாடு அது. சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்ச் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார்களை உட்கார வைத்தார். அவர்கள் கேட்பார்கள், வந்தவரின் பிரச்சினைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பார்கள், அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரே முடிவெடுக்க உதவுவார்கள். 2016-இல் வெளியான சோதனையில், ஆறு மாதத்துக்குப் பின் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் பேசியவர்களில் அது 14 சதவீதம்தான். பாட்டிமார்கள் அன்பாகக் கேட்டார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வது சுலபம். அவர்களுக்கு ஒழுங்கான பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன, சிக்கலானவர்களை மேலே அனுப்ப வழியும் இருந்தது.

சுற்றம் என்றால் எப்போதும் உட்கார்ந்து மனநலம் பேசும் கூட்டம் என்று பொருளில்லை. கால்பந்து அணி, நாடகக் குழு, நூலகத்தில் வாரா வாரம் கூடும் நாலு பேர் எல்லாமே இதில் சேரும். ஒருநாள் வராவிட்டால் "எங்கே காணோம்?" என்று கேட்க ஆள் இருப்பதுதான் முக்கியம். அங்கே பெற்றோர் அல்லாத ஒரு பெரியவரும் இருந்தால் இன்னும் நல்லது. பயிற்சியாளர், மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று யாராகவும் இருக்கலாம். மனநோய் பற்றிய கூச்சத்தைக் குறைப்பதிலும் சுவரொட்டியைவிட ஆள்தான் பலமானவர். மனச்சோர்வைக் கடந்து வந்த ஒருவர் தானே வந்து பேசுவது, களங்க உணர்வைக் குறைக்க மிகவும் உதவும் வழி என்று 2022-இல் லான்செட் இதழ் அமைத்த ஆணையம் சொன்னது.

நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பிள்ளைகள் பெரியவர்களிடம் வருவதற்கு முன்பே பலமுறை நண்பரிடம் சொல்லிவிடுகிறார்கள். அப்படி உங்களிடம் ஒருவர் சொன்னால், நீங்கள் மருத்துவர் ஆகத் தேவையில்லை. 2000-இல் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனரும் ஆண்டனி ஜோர்மும் தொடங்கிய மனநல முதலுதவிப் பயிற்சி இதைத்தான் சொல்லித் தருகிறது. காலில் அடிபட்டவருக்குக் கட்டுப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போவது போலத்தான் இதுவும். எலும்பை நாமே ஒட்ட வைக்கப் பார்ப்பதில்லை. "வா, சேர்ந்தே போய்ச் சொல்லலாம். நீ பேச வேண்டாம், நான் ஆரம்பிக்கிறேன்" என்பதே பெரிய உதவி. ராத்திரி முழுக்க ஒருவரின் உயிரை மெசேஜில் காத்துக்கொண்டிருக்கும் வேலை பதினாறு வயது நண்பருக்கு உரியது இல்லை.

எப்போது வல்லுநர் தேவை? இரண்டு வாரத்துக்கு மேல் சோகமோ எரிச்சலோ நீங்காமல் இருப்பது, பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போவது, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாவது, நண்பர்களிடமிருந்து விலகுவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, இல்லாத குரல்கள் கேட்பது. இதில் கடைசி இரண்டுக்குக் காத்திருக்கவே வேண்டாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சைகளுக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். முதலில் பார்த்த ஆலோசகர் ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரைப் பார்க்கலாம். அன்பான வீடும் நல்ல நண்பர்களும் இருந்தும் நோய் வரும். அது யாருடைய தோல்வியும் இல்லை.

பேச்சு நடந்த மறுநாளை என்ன செய்வது என்று பலருக்குத் தெரிவதில்லை. சிலர் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்துவிடுகிறார்கள், சிலர் மணிக்கொருமுறை "இப்போ எப்படி இருக்கே?" என்று கேட்டு மூச்சு முட்ட வைக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் வேறு மாதிரி ஒன்றைச் செய்து பார்த்தார். மருத்துவமனையிலிருந்து வெளியேறிய பின் சிகிச்சையைத் தொடராத 843 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு மட்டும் 5 ஆண்டுகள் அவ்வப்போது சின்னக் கடிதம் அனுப்பினார். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் இரண்டு மூன்று வரிகள். எந்தக் கேள்வியும் இல்லை, நிபந்தனையும் இல்லை. முதல் 2 ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலைகள் தெளிவாகக் குறைந்திருந்தன. பின்னால் மற்றவர்கள் செய்த சோதனைகளில் பலன் ஏறியும் இறங்கியும் இருந்தாலும், செலவில்லாத, கெடுதல் செய்யாத முறை என்பதால் இன்னும் பயன்படுத்துகிறார்கள்.

அதை வீட்டளவில் செய்ய ஒரு மெசேஜ் போதும். "நேத்து நீ சொன்னதை நினைச்சுட்டிருந்தேன். பதில் போடணும்னு இல்ல. சாயங்காலம் நடக்கப் போறேன், வர்றதா இருந்தா வா." அடுத்தது பத்து நாள் கழித்து. அதற்கும் பதில் வராவிட்டால், இன்னும் பத்து நாள் கழித்து இன்னொன்று.